எஞ்சினியர் என்று போட்டுவிட்டார்கள்

உமது தொழிலை அழித்துவிட்டார்கள், நண்பரே. நீர் இறந்த முப்பத்தோராம் நாளன்று கொடுக்கப்போகும் நினைவு மலரின் மாதிரிப் பிரதி என் மேசையில் கிடக்கிறது. மை மணம்கூட இன்னும் போகவில்லை. முதற் பக்கத்திலேயே உம்மைப் "பெற்றோலிய எஞ்சினியர்" ஆக்கியிருக்கிறார்கள்.

ஒஸ்லோவின் குரோருட் பகுதியிலுள்ள உம் வீட்டுக்குப் போய் உம் மகனிடம் கேட்டேன்.

"எழுத்துப் பிழை மட்டும் பாருங்கோ எண்டுதானே மாமா தந்தனான்."

"இதைவிடப் பெரிய பிழை என்ன இருக்கு? உன்ரை அப்பா ஆய்வுகூட உதவியாளர்."

"அப்பிடிப் போட்டால் சனம் என்ன சொல்லும்? நாளைக்கு உங்கட மலரிலை விளக்குமாத்தோடை படம் போடுவமோ?"

"போடடா. நல்ல படமாப் பார்த்துப் போடு."

அவனுக்குத் தெரியாது. அந்த ஆய்வுகூடக் கட்டடத்தில் தரை துடைத்த எனக்குத் தெரியும். ஒஸ்லோ முழுக்கக் கடலடி எண்ணெயையே பேசிக்கொண்டிருந்த காலத்தில், கனடாவிலிருந்து வாளிகளில் வந்த கரிய மணலை நீர் சுடுநீரில் கலக்கிக்கொண்டிருந்தீர். எண்ணெய் நுரையோடு மேலே வரும், மணல் கீழே போகும். "சவூதிக்கு அடுத்ததாக் கனடாவிலைதான் எண்ணெய் கிடக்கு. ஆனால் மணலோடை ஒட்டிக்கொண்டு கிடக்கு" என்றீர். நான் நம்பவில்லை. நூலகத்தில் போய்த் தேடினேன். நீர் சொன்னது சரி.

கழுவிய சேற்றுநீரை ஒரு கண்ணாடிச் சாடியில் ஊற்றி வைத்திருந்தீர். மாதக்கணக்காகியும் களிமண் அடியில் படியவில்லை. பணம் போடுகிறவர்கள் பார்க்க வந்த அன்று, "தண்ணீர் தெளிந்துவிட்டது என்று எழுது" என்றார் உமது மேலாளர். உமது வேலை ஒப்பந்தம் அந்த மாதம் முடிகிறது என்பதையும் ஞாபகப்படுத்தினார். நீர் சாடியைத் தூக்கி, வந்தவர்களின் மூக்குக்கு நேரே பிடித்து, உமக்குத் தெரிந்த அரைகுறை நோர்வே மொழியில் "இன்னும் தெளியவில்லை" என்றீர். அறிக்கையிலும் அதுவே போனது. மூன்று எஞ்சினியர்கள் வாய் மூடி நின்ற அறையில் வாய் திறந்தவர் உதவியாளர் ஒருவர்தான். அந்தச் சொல்லைத்தான் இவர்கள் வெட்டியிருக்கிறார்கள்.

இனி நடக்க வேண்டியது இது. உம் மகன் நாளைக்கே "எஞ்சினியர்" என்பதை எடுத்துவிட்டு "ஆய்வுகூட உதவியாளர்" என்று போட வேண்டும். தமிழ்ச் சங்கச் செயலாளர் அன்று மண்டபத்தில் அதை விழுங்காமல் உரக்க வாசிப்பதாக வாக்குத் தர வேண்டும். மலரில் இருக்கும் இரவல் கோட்டுப் போட்ட படத்துக்குப் பதிலாக, முழங்கை வரை கறுப்பாக நீர் சிரித்துக்கொண்டு நிற்கும் படத்தை உமது மனைவி தர வேண்டும். கேட்டேன், ஓம் என்றிருக்கிறா. அச்சகத்துக்குச் "சரி" சொல்ல வேண்டியவன் நான். இவ்வளவும் நடக்குமட்டும் அந்தச் சொல் என் வாயிலிருந்து வராது.