நீங்கதான் பாக்கி

அனுப்புநர்:
காலஞ்சென்ற லிப்ட் மெக்கானிக்கின் மனைவி,
தையல் கடை, தண்டவாள ஓரத் தெரு.

பெறுநர்:
உயர்திரு தேர்தல் அலுவலர் அவர்கள்,
தேர்தல் அலுவலகம்.

பொருள்: என் வீட்டில் இறந்துபோன இருவர் தொடர்ந்து வாக்களித்து வருவதை நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

பள்ளிச் சீருடையும் ஆஸ்பத்திரி உடுப்பும் தைத்துப் பிழைப்பவள் நான். அலுவலகங்களுக்கு எழுதிப் பழக்கமில்லை. எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1. எங்கள் தெருவுக்கும் வாக்குச்சாவடிப் பள்ளிக்கும் நடுவே ரயில் பாதை ஓடுகிறது. கேட் வழியாகச் சுற்றினால் வெகு தூரம் என்பதால் எல்லாரும் குறுக்கே தாண்டித்தான் போகிறோம். அங்கே நடைமேம்பாலம் கட்டித் தருவதாக ஒவ்வொரு தேர்தலுக்கும் வாக்குறுதி வரும். மூன்று கட்சிக்காரர்கள் மூன்று அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். ஒன்றில் இஸ்திரிக்காரர் துணி மூட்டையை இறக்கி வைக்கிறார். இன்னொன்றில் நாய் படுத்திருக்கும். மூன்றாவதைப் புல் மூடிவிட்டது. பாலத்தால் நாங்கள் இதுவரை கண்ட பலன் அவ்வளவுதான்.

2. என் மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். முதல் ஓட்டு என்று புது உடுப்பு தைத்துத் தரச் சொல்லி அடம்பிடித்தாள். கல்யாணத்துக்கா போகிறாய் என்று அவள் அப்பா கிண்டல் செய்தார். பாலம் வரும் என்று எங்கள் வீட்டில் நம்பியவள் அவள் ஒருத்திதான். ஓட்டுப் போட்டுத் திரும்பியவள், பாதைக்கு அந்தப் பக்கம் நின்று, மை வைத்த விரலைத் தூக்கி எனக்குக் காட்டினாள். நான் கடை வாசலில் நின்றிருந்தேன். தூக்கிய விரலோடுதான் தண்டவாளத்தில் கால் வைத்தாள். சரக்கு வண்டியை அவளும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. இதற்கு மேல் இந்தப் பத்தியில் என்னால் எழுத முடியாது.

3. உடலை வாங்கப் போன இடத்தில் என் கணவர் அந்த விரலைத் துடைத்துப் பார்த்திருக்கிறார். மை போகவில்லை. அன்றோடு அவர் ஓட்டுப் போடுவதை விட்டார். கட்சிக்காரர்கள் வந்தால் முகத்தில் அடித்தாற்போல் பேசமாட்டார். உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, "பாலத்தைக் கட்டுங்க, அதுமேல நடந்து வந்து போடுறேன்" என்பார். வீம்பு பிடித்த மனுஷன் என்று தெருவே பேசியது. வீம்பு இல்லை ஐயா. பழுதான லிப்டில் 'இயங்காது' என்று அட்டை மாட்டாமல் விடுவது அவர் தொழிலில் பெரிய குற்றம். ஓட்டுப் போடாமல் இருந்ததுதான் அவர் மாட்டிய அட்டை. மாரடைப்பில் போய்ச் சேரும்வரை அதைக் கழற்றவில்லை.

4. இரண்டு சாவுக்கும் சான்றிதழ் நகலை, வாக்காளர் சீட்டு கொடுக்க வருகிற ஊழியரிடம் கொடுத்தேன். அடுத்த தடவை பெயரை எடுத்துவிடுவோம் என்றார். அடுத்த தடவையும் மூன்று சீட்டுகள்தான் வந்தன. மகளின் சீட்டில் அவள் போட்டோ அச்சாகியிருக்கும். கிழிக்க மனசு வராமல் மிஷின் டிராயரில் போட்டு வைத்திருக்கிறேன்.

5. அவர் போன பிறகு நானும் ஓட்டுப் போடப் போனதில்லை. இந்தத் தேர்தலில் போனேன். காரணம், எதிர்வீட்டுக்காரியின் மகள் அதே நர்சிங் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். அந்தப் பெண்ணுக்காக ஒரு தடவை நம்பிப் பார்ப்போம் என்று தோன்றியது. அவர் படத்தின் முன் நின்று சொல்லிவிட்டு, கேட் வழியாகச் சுற்றிக்கொண்டு போனேன். பள்ளி வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த கட்சி முகவர், 'கூலிங்கிளாஸ்' என்று எல்லாரும் கூப்பிடுகிறவர், என் சீட்டை வாங்கிப் பார்த்தார். நிமிர்ந்து முகம் பார்க்காமலே சொன்னார்:

"உங்க வீட்ல ரெண்டு பேரும் காலையிலேயே வந்துட்டுப் போயிட்டாங்கக்கா. நீங்கதான் பாக்கி."

என்னைப் பைத்தியம் என்று நினைத்துவிட வேண்டாம். வந்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தது, ஐயா. வராந்தாவில் தேடினேன். வெளியே வந்துகொண்டிருந்த பெண்களின் விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அதற்குள் யாரிடம் வாய் விட்டோம் என்று அந்த முகவருக்கு விளங்கிவிட்டது. ஓரமாகக் கூட்டிப்போய், குரலைத் தாழ்த்தி, "வராத ஓட்டுதானேக்கா, வீணாப் போவானேன்? அப்பா ஓட்டு எங்களுக்கு, பொண்ணு ஓட்டு எதிர்க்கட்சிக்காரங்களுக்கு. எப்பவும் அப்படித்தான், சண்டையே வராது" என்றார். ஆறுதல் சொல்வதாகத்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

6. நான் ஓட்டுப் போடாமல் திரும்பிவிட்டேன். அது முதல் மிஷினை நிறுத்தினால் கண் பாதைக்கு அந்தப் பக்கம் போகிறது. தைக்கும்போது முதுகைக் காட்டி உட்கார்ந்து பார்த்தேன். அது இன்னும் மோசம். அவள் செத்த பிறகு நடந்த தேர்தல் எல்லாவற்றிலும் ஓட்டுப் போட்டிருக்கிறாள் என்றால், ஒவ்வொரு தடவையும் வீட்டுக்குத் திரும்பியும் வந்திருக்க வேண்டும். விரலைத் தூக்கிக்கொண்டு, அதே தண்டவாளத்தைத் தாண்டி.

ஆகவே தங்களிடம் நான் வேண்டுவது:

இருவர் பெயரையும் உடனே நீக்க வேண்டும். இனி எந்தத் தேர்தலிலும் வாக்களிப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். நான் இருக்கும்போதோ இறந்த பிறகோ என் பெயரில் யாரும் போடமாட்டார்கள் என்று எழுத்தில் உறுதி தர வேண்டும். பாலம் தங்கள் அலுவலகத்தின் பொறுப்பில் வராது என்பது தெரியும். எதிர்வீட்டுப் பெண் தினமும் அங்கேதான் தாண்டுகிறாள் என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

நாளை வாக்கு எண்ணிக்கை. உள்ளே விழுந்த ஓட்டில் எது யாருடையது என்று பிரிக்க முடியாது என்பீர்கள். முடிந்தால் அந்த இரண்டை மட்டும் எண்ணாமல் விடுங்கள். முடியாவிட்டால் இத்தோடாவது நிறுத்திக்கொள்ளுங்கள். அவரையும் அவளையும் இனி அந்தப் பக்கம் கூப்பிடாதீர்கள் ஐயா. வீட்டில் என்னோடு இருக்கட்டும்.

நாள்: வாக்கு எண்ணிக்கைக்கு முதல் நாள்
இடம்: தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம்

பணிவுடன்,
(கையொப்பம்)
தையல் கடைக்காரி

இணைப்பு: இறப்புச் சான்றிதழ் நகல்கள் இரண்டு (மறுபடியும்).