மகாலட்சுமிக்குப் பின்னால் ஒரு பக்கம்

என் அலமேலு, என் கண்ணே,

நாம் வாரா வாரம் சேர்ந்து படித்த அந்தத் தொடர்கதையை முடித்துவிட்டேன் என்று உனக்கு எழுத நினைத்திருந்தேன். முடிக்க முடியவில்லை. கடைசிப் பக்கம் இல்லை.

நீ கிழித்துச் சேர்த்த அத்தியாயங்களைத் தொட எனக்கு ஒரு வருஷம் மனம் வரவில்லை. போன மாதம்தான் அரியலூர்க் கடைத்தெருவில் பைண்டு செய்யக் கொடுத்தேன். பக்கம் சரிபார்க்காமல் எதையும் கொடுப்பவள் அல்ல நான். உன் கைபட்ட கட்டைப் பிரிக்க மனமின்றி அப்படியே கொடுத்துவிட்டேன்.

கதை எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை. இரண்டு எழுத்தாளர்கள் காதலிக்கிறார்களாம். அவன் கதைக்கு அவள் கதையாலேயே பதில் எழுதுகிறாளாம். இருவரில் ஒருவர்கூட எழுதியதை அடித்துத் திருத்துவதில்லை! நான் படித்த கான்வென்டில் எங்கள் மதர் பார்த்திருந்தால் இருவரையும் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பார். நான் இப்படிச் சொல்லும்போதெல்லாம், காய்ச்சலோடு நம் வீட்டுக்கு வந்து படுத்திருந்த நீ அந்தக் காய்ச்சலிலும் சிரிப்பாய். "நீ திருத்துனா கதையே மிஞ்சாதும்மா, படி."

கல்யாணத்துக்கு முன் உன் கதை ஒன்று அச்சில் வந்தது. குன்னத்தில் வாழப் போன பிறகு நீ எழுதவேயில்லை. "பருத்தி வெடிச்சுக் கெடக்கு, மகாராணி பேனா புடிச்சிட்டு உக்காந்திருக்கா" என்று உன் மாமியார் சொன்னதை, யாருக்கோ நடந்தது போல நீயே நடித்துக் காட்டினாய். கடைசியாக நாம் படித்த வாரத்தில் கதையில் கல்யாணம் நிச்சயமானது. நீ கேட்டது ஒன்றுதான். "கல்யாணத்துக்கப்புறம் அவ எழுதுறாளாம்மா? பாத்துச் சொல்லு."

முடிவு தீபாவளி மலரில் வந்தது. அப்போது நீ இல்லை. நம் வீட்டில் பண்டிகையும் இல்லை. இனி யார் படிக்கப் போகிறார்கள் என்று உன் அண்ணி காமாட்சி அதிலிருந்த மகாலட்சுமி படத்தை வெட்டியெடுத்துக் கண்ணாடி போட்டுப் பூஜையறையில் மாட்டிவிட்டாள். மிச்சத்தை உன் கட்டோடு சேர்த்து வைத்தாள். யுத்தக் காலக் காகிதத் தட்டுப்பாடு அல்லவா, படத்தின் பின்பக்கத்தையும் சும்மா விடாமல் கதையின் கடைசிப் பக்கத்தை அதில் அச்சடித்திருக்கிறார்கள்.

நான் சட்டத்தைக் கழற்றச் சொன்னேன். காமாட்சி பதறினாள். "சாமியக் கழட்டுறதா? நல்லாருக்குங்க அத்தை நீங்க சொல்றது!" நான் விடவில்லை. படத்துக்குக் கண்ணாடி போட்டவரையே வரவழைத்தேன். அவர் படத்தைத் திருப்பிப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "பசை போட்டு அட்டையோட ஒட்டிட்டேங்கம்மா. சொரண்டுனா கதையும் வராது, மகாலட்சுமியும் மிஞ்ச மாட்டா."

பத்திரிகை ஆபீசுக்கு எழுதினேன். பிரதி தீர்ந்துவிட்டதாம். பெரம்பலூரில் அதை வாங்குகிற வீட்டுக்கு உன் அண்ணனை அனுப்பினேன். அவர்கள் வெங்காயக் கடைக்கு எடைக்குப் போட்டுவிட்டார்களாம். இனிக் கேட்க எனக்கு யாரையும் தெரியாது.

என்னிடம் இருக்கும் கடைசி வரி இதுதான். அவள் புருஷன் வீட்டுக்குள் நுழைகிறாள். ஜன்னலோரம் ஒரு மேஜை, ஒரே ஒரு நாற்காலி. 'அவள் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு நின்றுகொண்டே' என்பதோடு பக்கம் முடிகிறது. நின்றுகொண்டே என்ன செய்தாள்? நீ கேட்டது அவளைப் பற்றித்தானா, அலமேலு?

"எழுதியிருப்பாங்க அத்தை, கதைதானே! அலமேலுகிட்ட அப்படியே சொல்லிடுங்க" என்கிறாள் காமாட்சி. நல்ல மனதோடுதான் சொல்கிறாள். எனக்கு அது முடியாது. குன்னத்தில் உன் மேஜை தொடப்படாமல் கிடந்ததைப் பார்த்தவள் நான்.

ஆகையால் ஒரே ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அவள் எழுதினாள் என்று உன்னைத் தேற்றுவதற்காகச் சொல்ல மாட்டேன். உன்னிடம் வந்து சேரும் நாளில், தெரியவில்லையடி என்றே சொல்வேன்.

உன்னைப் பெற்றவள்