மார்க்கெட்டில் ஓடிய படம்

நாகமலை புதுக்கோட்டை,
மதுரை.

அன்புள்ள அப்பாவுக்கு, பிருந்தாவின் வணக்கம். உங்கள் இருமல் குறைந்ததா? அம்மா முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறார்களா? நான் நலம்.

கல்லூரி வகுப்பறையில் நான் தொடங்கிய குறும்பட விழா இந்த ஆண்டு பரவை காய்கறி மார்க்கெட்டுக்கே போய்விட்டது. அங்கே வெங்காய மண்டி வைத்திருக்கும் அப்துல் வஹீதின் மகள் ஆயிஷா சித்திகா, அத்தாவின் வியாபாரத்தையே தன் முதல் படமாக எடுத்திருந்தாள். "இந்த ஒண்ணோட சரி. அப்புறம் கேமராவைத் தொடக் கூடாது" என்று அவர் முன்பே சொல்லியிருந்தார்.

வியாபாரம் மதியத்தோடு முடிவதால் மூன்று மணிக்கு மார்க்கெட் கொட்டகையிலேயே திரையிட்டோம். உள்ளே வெயில் அடிக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை. திரையில் ஒன்றுமே தெரியவில்லை. ஆயிஷாவின் முகம் வாடிவிட்டது. வஹீதுதான் எழுந்து லோடுமேன்களைக் கூப்பிட்டார். "அண்ணே, லாரித் தார்ப்பாயை இழுத்துக் கட்டுங்க. பிள்ள படம் தெரியல."

கொட்டகை இருண்டதும் படம் ஓடியது. "இம்புட்டுச் சத்தமாவா பேசுறேன்?" என்றார் வஹீது. "இதுக்கு மேலயே பேசுவ மாப்ள" என்றார் பக்கத்துக் கடைக்காரர். முடிந்ததும் வஹீது மகளிடம், "மழையில சரக்கு அழுகுறதக் காட்டலையேம்மா. அடுத்த படத்துல அதை எடு" என்றார். மேடையில் எனக்குப் பரிசு கொடுத்தபோதுகூட நான் இவ்வளவு பெருமைப்பட்டதில்லை அப்பா.

அம்மாவிடம் பருப்புப்பொடி கூடுதலாக அனுப்பச் சொல்லுங்கள். ஒருத்திக்காகச் சமைக்கச் சலிப்பாக இருக்கிறது.

இரண்டாவது படம் எடுப்பவர்களுக்கு விழாவின் கேமராவைக் கொடுப்பது எங்கள் வழக்கம். அதை வாங்கிப்போக ஆயிஷா வந்துவிட்டாள். வஹீது வண்டியை அணைக்காமல் வாசலில் நிற்கிறார். முடிக்கிறேன்.

உங்கள் மகள்,
பிருந்தா