கை நனைக்கும் நேரம்

ஜூன் 9, திங்கள்

விடாத மழை. காலையில் கிடங்கில் சுக்கு புடைத்துவிட்டுப் பதினொன்றுக்கு வீடு. கண்ணெல்லாம் எரிச்சல்.

மூன்று மணிக்கு ஜிம். தரை துடைத்தேன். கூலிக்குப் பதிலாக, பெண்கள் நேரத்தில் நானும் எடை தூக்கலாம். நாற்பது கிலோ கம்பி இடுப்புவரை வந்தது. அப்புறம் கண் இருட்டி விழுந்தேன். கம்பி கால் விரலுக்கு அரையடி தள்ளி விழுந்தது. பிழைத்தேன்.

சொல்லித் தரும் மலையாளத்து ஷைனி சேச்சி கத்தினாள். "எந்தா தின்னே இன்னிக்கு?"

"சாயா."

"சாயாவா! சோறோ கப்பையோ, ரெண்டு மணிக்கூர் முன்னாடி உள்ளே போகணும். வேலை முடிஞ்சா அரை மணிக்கூருக்குள்ள திரும்பவும் தின்னணும். இல்லேன்னா என் ஜிம்முல வந்து சாகாதே."

இரண்டு மணி நேரம் முன்னால் என்றால் ஒரு மணி. என் புருஷன் செல்வம் அரிசிக் கிடங்கிலிருந்து சாப்பிட வருவது இரண்டுக்கு. "புருஷன் கை நனைக்காம பொண்டாட்டி கை நனைக்கக் கூடாது." கல்யாணத்துக்கு மறுநாள் மாமியார் சொன்னது. ஆறு வருஷமாக அவன் எழுந்த பிறகுதான் என் தட்டு. சில நாள் சட்டி காலி. நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது.

ஜூன் 10, செவ்வாய்

தூறல். ஒரு மணிக்குக் கதவைத் தாழிட்டுச் சோறு தின்றேன். என் வீட்டில் நானே திருடி. சட்டியில் மிச்சச் சோற்றை மட்டமாகத் தட்டி வைத்தேன். அவனுக்குத் தெரியவில்லை.

நாற்பத்தைந்து கிலோ! ஐந்து முறை!

உப்பு, சோப்பு வாங்கணும்.

ஜூன் 11, புதன்

மாட்டினேன். இன்று சோற்றைத் தட்டி வைக்க மறந்தேன், சட்டியில் குழி.

"எனக்கு எச்சில் சோறாடி?" இரும்புக் கரண்டி. காதில் இரண்டு, தோளில் எத்தனையோ. அடுத்த வீட்டு ராணியக்கா தன் மகளிடம் சொன்னது சுவர் தாண்டிக் கேட்டது: "அது அவங்க குடும்ப விஷயம். நீ உள்ள வா."

ஜிம் இல்லை. சாயங்காலம் கப்பைக் கிழங்கு வெட்டினேன். ஒவ்வொரு வெட்டும் அவன் கழுத்து. பாதியைத் துண்டுதுண்டாகச் சிதைத்துவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

வலது காது பாதிதான் கேட்கிறது. தோள் நீலம். விரல்கள் பரவாயில்லை, பிடிக்க முடிகிறது.

லோடு அதிகமாம், மதியம் அவன் வரவில்லை. ஒரு மணிக்குக் கப்பை, நிம்மதியாக.

சேச்சி காதைப் பார்த்தாள். "போலீஸ்ல சொல்லலாம். நான் கூட வரேன்." முதலில் ஐம்பதைப் போடுங்கள் என்றேன். அவன் தூக்கும் மூட்டை ஐம்பது. "மூட்டை தூக்குறவன் கைடி இது" என்று சொல்லித்தான் அடிப்பான்.

தூக்கினேன். மூன்று முறை.

ஜூன் 13, வெள்ளி

மழை விட்டது. மத்திக் குழம்பு. ஒரு மணிக்குக் கதவைத் திறந்து வைத்தே தின்றேன். தட்டைக் கழுவவில்லை. வாசலுக்கு நேராக வைத்தேன்.

இரண்டுக்கு வந்தான். தட்டைப் பார்த்தான். கரண்டியை எடுத்தான்.

மணிக்கட்டைப் பிடித்தேன். சிரித்தான். திருகினேன். சிரிப்பு நின்றது. முதுகு நேராக, பலம் குதிகாலில், மூச்சைப் பிடி என்று சேச்சி சொல்வதெல்லாம் தானாக வந்தது. இடுப்போடு கட்டித் தூக்கித் தரையில் போட்டேன். ஐம்பதுக்கு மேல்தான் இருப்பான். கரண்டி என் கைக்கு வந்தது. வலது காதில் இரண்டு. தோளில் ஆறு வருஷத்துக்கும்.

"விடுடி... விட்டுடுடி..."

வாசலில் ராணியக்கா. "ஐயையோ, என்னடி இது!"

"எங்க குடும்ப விஷயம்க்கா. உள்ள போங்க."

பயம் இல்லை, ஆத்திரம் இன்னும் தீரவில்லை. மணி இரண்டேகால். அரை மணி நேரத்துக்குள் தின்ன வேண்டும். கை கழுவி உட்கார்ந்து, அவன் பங்குச் சோற்றையும் போட்டுக்கொண்டேன். மத்தி நான்கும்.

சுவரோரம் காதைப் பொத்திக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தான். இன்னும் கை நனைக்கவில்லை.