வேலியில் மாட்டிய கம்பி

2024 மே 6, திங்கள்

நேற்று சுதாகரன் வீட்டில் இலை போட்ட பிறகு நான் சாப்பிடாமல் எழுந்து வந்ததற்குக் காரணம் சாதி அல்ல. தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடு என்பதும் அல்ல. இன்று பாண் வாங்கப் போன கடையிலேயே அந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. நான் உள்ளே நுழைந்ததும் நின்றது. யாருக்கும் விளக்கம் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் தவறான செய்தி திருத்தப்படாமல் கிடப்பதும் பிடிக்காது. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

இவர், என் கணவர், காலமாகி இரண்டு வருடம். தேயிலைத் தோட்டத்தை மேற்பார்க்கும் கண்டாக்கு உத்தியோகத்தில் இருந்த காலத்திலும் ஓய்வு பெற்ற பிறகும், ஞாயிறுதோறும் கம்பி வெட்டும் குறடு ஒன்றை எடுத்துக்கொண்டு காட்டோரம் நடப்பார். மரக்கறித் தோட்டக்காரர்கள் பன்றிக்கு வைக்கும் சுருக்குக் கம்பிகளை வெட்டுவார். பன்றிக்கு வைத்ததில் மரைமானும் மாட்டும், சிறுத்தையும் மாட்டும். அதற்காகத்தான் தோட்டத்து ஆட்கள் இப்போது அவர் பெயரில் ஒரு வளைவு கட்டப் போகிறார்கள். உச்சியில் சிறுத்தைப் படம் வருமாம். நினைவுக் குழுவின் செயலாளர் சுதாகரன்தான். ஆட்டோ ஓட்டுகிறான். ஐந்தாம் நம்பர் மலைக்கு மேலே, காட்டை ஒட்டிக் கிழங்கும் லீக்ஸும் போட்டிருக்கிறான். இவருடைய செல்லப் பிள்ளை.

நேற்றுக் கூட்டம் முடிந்து அவன் வீட்டில் சாப்பாடு. அவனுடைய புது மனைவி வினோதா பரிமாறினாள். தோலோடும் கொழுப்போடும் கறி. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு, காதருகே குனிந்து பெருமையாகச் சொன்னாள்: "யோசிக்காதீங்கம்மா, கடையில வாங்குனதில்ல. நம்ம கம்பியில விழுந்த பன்னி."

அந்தப் பெண் இவரைப் பார்த்ததே இல்லை. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் எதிரில் மாலை போட்டு இவர் படம். படத்துக்கு முன்னால் அந்தக் கறி. இருபது பேர் சாப்பிடுகிறார்கள், ஒருவருக்கும் உறைக்கவில்லை. கம்பி வைப்பது சட்டப்படி குற்றம், நான் வாயைத் திறந்தால் சுதாகரன் பொலிஸுக்குப் போக வேண்டிவரும். எழுந்து கை கழுவிவிட்டு வந்தேன்.

மே 8, புதன்

துணி துவைக்க வரும் பேச்சியம்மா வந்ததும் வராததுமாக ஆரம்பித்தாள்.

"தண்ணி புடிக்கிற பீலியடியில ஒங்க பேச்சுத்தாம்மா ஓடுது. பஜார் கடைக்காரர் மகளாம், கொன்வென்ட் படிப்பாம், மகாராணிக்கு லயத்துச் சோறு எறங்கலியாம்."

"யார் சொன்னது?"

"காளியாயிதான். அவ வாய்க்கு மட்டும் காலையில ஆள் எண்ணுற பெரட்டும் இல்ல, லீவும் இல்ல."

"நீ என்ன சொன்னாய்?"

"எங்க அம்மாவுக்கு வாயில பல்லு நோவுன்னு சொன்னேன்."

"எனக்குப் பல் நோவு இல்லையே."

"அது எனக்குத் தெரியும்மா. அவளுக்கு எதுக்கு?"

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, காலரை இன்னும் நன்றாகக் கசக்கச் சொன்னேன்.

மே 12, ஞாயிறு

இவருடைய குறடு சமையலறை ஆணியில் அப்படியே தொங்கியது. எடுத்துக்கொண்டு போனேன். எழுபத்தாறு வயதில் அந்த ஏற்றத்தில் ஏறுவது புத்திசாலித்தனம் அல்ல என்று தெரியும். முழங்கால் வழியெல்லாம் அதைத்தான் சொன்னது.

சுதாகரனின் கிழங்குப் பாத்திக்கு மேலே, பன்றி நுழையும் சந்தில் சுருக்கு ஒன்று இருந்தது. ஆட்டோவின் கிளச் கம்பி. அவன் எதையும் சுற்றிவைக்கும் அதே சிவப்பு டேப். வெட்டினேன்.

இவர் வெட்டிய கம்பியை வீட்டுக்குக் கொண்டுவரமாட்டார். வைத்தவனுடைய வேலியிலேயே கொண்டுபோய் மாட்டிவிடுவார். பெயர் சொல்லமாட்டார், புகார் கொடுக்கமாட்டார். "இது என்ன கோழைத்தனம்?" என்று எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். சிரிப்பார். இன்று நானும் அதையே செய்தேன். சுதாகரன் வீட்டு வேலியில் நன்றாகத் தெரியும்படி மாட்டிவிட்டுத் திரும்பினேன். வினோதா கதவருகே நின்று, "வாங்கம்மா" என்றாள். கேட்காததுபோல் வந்துவிட்டேன்.

மே 13, திங்கள்

கம்பி வேலியில் இல்லையாம். பேச்சியம்மா சொன்னாள். எடுத்துவிட்டான். நல்லது.

மே 21, செவ்வாய்

கொழுந்தெடுக்கப் போன பெண்கள்தான் முதலில் சத்தத்தைக் கேட்டார்கள். ஐந்தாம் நம்பர் மலை. சிறுத்தை.

போயிருக்கக் கூடாது. போனேன். கம்பி இடுப்பில் இறுகியிருந்தது. இழுத்து இழுத்துச் சுற்றிலும் மண்ணை உழுதுவைத்திருந்தது. தேயிலைச் செடி ஒன்று வேரோடு சாய்ந்து கிடந்தது. சுற்றிலும் ஆட்கள், எல்லார் கையிலும் போன். "தள்ளி நில்லுங்கள், சத்தம் போடாதீர்கள்" என்று கத்தினேன். என் சத்தம்தான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்தது. வனவிலங்கு அலுவலகத்தார் வர வெகுநேரம் ஆயிற்று. ஊசி போட்டுத் தூங்கவைத்துக் கொண்டுபோனார்கள்.

வெட்டி எடுத்த கம்பியை அவர்களில் ஒருவர் என்னிடம் காட்டி, யார் வைத்தது என்று தெரியுமா என்று சிங்களத்தில் கேட்டார். நுனியில் சிவப்பு டேப். சுதாகரன் கூட்டத்தில்தான் நின்றான். முகத்தில் இரத்தமே இல்லை.

தெரியாது என்றேன்.

ஏன் சொன்னேன்? இவர் செய்வதைப்போலச் செய்கிறேன் என்று நினைத்தா? அவன் பெண்டாட்டி கூட்டத்தின் ஓரத்தில் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தா? பொய் சொன்னேன். அந்த அலுவலர் கண்ணைப் பார்த்தே சொன்னேன்.

மே 22, புதன்

செத்துவிட்டது. பெட்டையாம்.

மே 24, வெள்ளி

நேற்று வெசாக் பண்டிகை. பஜார் முழுக்கக் காகித விளக்குக் கூடுகள் எரிந்தனவாம். நான் போகவில்லை.

இன்று மழையோடு சுதாகரன் வந்தான். உள்ளே வரவில்லை, வாசல்படியிலேயே நின்றான்.

"பன்னிக்குத்தாம்மா வச்சேன்."

"கம்பிக்கு அது தெரியுமா?"

"கெழங்கு பூரா தோண்டிப் போட்டுருச்சும்மா. ரெண்டு தடவ. வினோதா ஒக்காந்து அழுதா."

"நான் ஒன்றை வெட்டி உன் வேலியில் மாட்டினேன். மற்றதை எடுக்க வேண்டும் என்று உனக்குத் தெரியவில்லையா?"

தலையைக் குனிந்தபடியே சொன்னான். அவன் பேச்சிலேயே எழுதுகிறேன், மாற்றக் கூடாது:

"ஐயாவும் மாட்டுவாருங்கம்மா. மாட்டிட்டு உள்ள வந்து ஒக்காருவாரு. டீ கேப்பாரு, ரொட்டி இருந்தா திம்பாரு. அப்பறம் ரெண்டு பேருமா வேலியப் பாப்போம், எங்க அடைக்கலாம்னு. ஏசுனதே இல்ல. நீங்க எலையில இருந்து எந்திரிச்சிப் போனீங்க. பொறகு கம்பிய மாட்டிட்டு, இவ கூப்புடக் கூப்புடத் திரும்பிப் பாக்காமப் போனீங்க. எனக்கு ரோசம் வந்துருச்சும்மா. எடுக்கல."

"அப்படியென்றால் என்மீதுள்ள ரோசத்தில் ஒரு சிறுத்தையைக் கொன்றாயா?"

"ஆமாங்கம்மா."

அவன் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். போ என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

அவன் வீட்டில் டீ குடித்ததை இவர் என்னிடம் சொன்னதே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பசியில்லாமல் வந்து இலையில் அளைந்துகொண்டிருப்பார். காட்டில் நடந்த களைப்பு என்றுதான் நினைத்தேன். எத்தனை வீட்டு ரொட்டியோ!

மே 25, சனி

தூக்கமில்லை. வைத்தவன் அவன். குற்றம் அவனுடையது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வினோதா "வாங்கம்மா" என்றபோது ஒரு கோப்பைத் தேநீர் குடித்திருந்தால்? கறி வேறு, தேநீர் வேறு அல்லவா? இதைப் பேச்சியம்மாவிடம்கூடக் கேட்க முடியாது.

மே 26, ஞாயிறு

காலையில் சுதாகரனுக்கு எழுதி, பேச்சியம்மாவிடம் கொடுத்தனுப்பினேன். "பக்கத்து மலைக்கு ஒரு கடுதாசியா? நான் வாயாலயே சொல்லிருவேனே" என்றாள். நீ பல் நோவைச் சேர்த்துச் சொல்வாய் என்றேன். பிரதி இது:

*சுதாகரனுக்கு,*

*வனவிலங்கு அலுவலகத்தார் கேட்டபோது தெரியாது என்றேன். அது பொய். மறுபடி கேட்டால் பொய் சொல்லமாட்டேன். அவர்கள் வருவதற்குமுன் நீயே போய்ச் சொல்வது நல்லது. துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். எனக்குச் சிங்களம் நன்றாகவே வரும்.*

*வளைவு வேண்டாம். அதற்காக வாங்கி அடுக்கியிருக்கும் இரும்புக் குழாய்களை உங்கள் மரக்கறிப் பாத்திகளுக்கு வேலி போட எடுத்துக்கொள்ளுங்கள். உன் பாத்தியில் தொடங்க வேண்டாம். உனக்குக் கடைசியில் போடட்டும். மிச்சச் சோற்றையும் கறித்துண்டுகளையும் ஓடைக்கரையில் கொட்டுவதை நிறுத்தச் சொல். பன்றியும் நாயும் அதற்குத்தான் இறங்கி வருகின்றன. நாயைத் தேடிச் சிறுத்தை வருகிறது. ஞாயிறுதோறும் குழுவிலிருந்து இரண்டு பேர் காட்டோரம் நடக்க வேண்டும். குறடு என்னிடம் இருக்கிறது. என் முழங்காலுக்கு அந்த ஏற்றம் இனி ஆகாது.*

*வெட்டும் கம்பியை வழக்கம்போல் வைத்தவர் வேலியில் மாட்டலாம். மாட்டியவர் உள்ளே போய் உட்காரவும் வேண்டும்.*

*நீ வைத்த கம்பிகள் எல்லாவற்றையும் எடுத்தபின் எனக்கு அறிவி. அடுத்த ஞாயிறு மத்தியானம் உன் வீட்டில் சாப்பிட வருகிறேன். பருப்பும் கிழங்கும் போதும் என்று வினோதாவிடம் சொல். அவள் மனம் நோக எழுந்து போனேன். அதை அவளிடம் நேரில் சொல்லிக்கொள்கிறேன்.*

*பேச்சியம்மாவிடம் வாயால் சொல்லி அனுப்பாதே. கம்பியெல்லாம் எடுத்தாயா இல்லையா என்று உன் கைப்பட எழுதி, கையெழுத்திட்டுப் பதில் அனுப்பவும்.*