லேபிளில் இல்லாத துத்தநாகம்

இன்று காலை அச்சகத்திலிருந்து புது லேபிள் கட்டு வந்தது. பிரித்ததும் மை வாசம். அதையும் மீறி நம் வெயில் கிரீமின் கற்றாழை வாசம் கடை முழுக்க அடித்தது. பச்சை இலைப் படத்துக்குக் கீழே ‘முழுக்க முழுக்க மூலிகை’ என்று போட்டிருந்தது. போடச் சொன்னது நான்தான். நீ இருந்திருந்தால் கட்டோடு தூக்கிக் கோட்டை ரோட்டில் எறிந்திருப்பாய். கல்லூரியில் ஒரே பெஞ்சில் வேதியியல் படித்தவளுக்கு உன் கோபம் தெரியாதா?

உன் அம்மாவின் கன்னத்தில் கருமையாகப் படர்ந்த மங்குக்காகத்தான் நாம் இதில் இறங்கினோம். வெயிலில் போகக்கூடாது என்றார் டாக்டர். தொண்டூரில் கடலை பிடுங்குகிறவர் நிழலுக்கு எங்கே போவார்? முதல் சட்டியில் கற்றாழை, மஞ்சள், தேங்காய் எண்ணெய் மட்டும். அதை நம்பி, தலையில் சுற்றும் துண்டைக்கூட வீட்டிலேயே விட்டுப் போனார். சாயங்காலம் கன்னம் கன்றிப்போய் வந்தார். அன்று நீ சாப்பிடவில்லை.

அடுத்த சட்டியில் சிங்க் என்கிற துத்தநாகத் தூள் சேர்த்தோம். அம்மா வெள்ளை அப்பிய முகத்தைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, கூத்துக்கு வேஷம் கட்டிக்கினு கொல்லைக்கு போவச் சொல்றியா?" என்றார். சிரித்துச் சிரித்து நமக்கு வயிறு வலித்தது. பிறகு நீ பாண்டிச்சேரி போய் அதையே நுண்துகளாக வாங்கி வந்தாய். "அதே வெள்ளதாம்மா. ரொம்பப் பொடிசு. கண்ணுக்குத் தெரியாது, வெயிலுக்குத் தெரியும்" என்றாய். லேபிளில் கற்றாழைக்குப் பக்கத்திலேயே அதே பெரிய எழுத்தில் அதையும் போட்டாய்.

"செடி ஆத்தும், சிங்க் தடுக்கும். ரெண்டையும் சொல்லுடி. இல்லன்னா எவளாவது கத்தாழைய மட்டும் பூசிக்கினு வெயில்ல நிப்பா" என்றாய்.

தை மாதம் காமாலை உன்னைக் கொண்டுபோயிற்று. அதற்குப் பிறகு, கோட்டை ஏற வருகிறவர்கள் டப்பாவைத் திருப்பிப் பார்த்து "ஐயோ, கெமிக்கலா?" என்று வைத்துவிட்டுப் போவதை நான் ஒற்றை ஆளாக நின்று பார்த்தேன். உள்ளே இருப்பது மாறவில்லையே, லேபிளிலிருந்து பெயர்தானே போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவளும் இப்படித்தான் சொல்லிக்கொள்வாள்.

மத்தியானம் உன் அம்மா வந்தார். புது லேபிள் ஒட்டிய டப்பாவை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"படிச்சிச் சொல்லு கண்ணு. சிங்கு போட்டிருக்குதான்னு கேட்டுத்தான் வாங்கணும்னு எம் பொண்ணு சொல்லியிருக்குது."

விரல் வைத்துப் படித்தேன். கற்றாழை, மஞ்சள், தேங்காய் எண்ணெய். அதோடு லேபிள் முடிந்துவிட்டது. விரலை வெற்றிடத்தில் நகர்த்தி, அதே குரலில் "சிங்க்" என்றேன். அம்மா டப்பாவை முந்தானையில் முடிந்துகொண்டார்.

"நீ இருக்கிற வரிக்கும் எனக்கு பயம் இல்ல" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

லேபிள் கட்டைத் திரும்பக் கட்டி வைத்துவிட்டேன். ஒட்டியவற்றையும் ஈரத்துணியால் உரித்தாயிற்று. நாளை தொண்டூருக்குப் போய் அம்மாவிடம் இருக்கும் டப்பாவையும் பழைய லேபிள் ஒட்டியதாக மாற்றித் தருவேன். என்ன காரணம் சொல்வேன் என்று தெரியவில்லை. டப்பாவில் இருப்பதைத்தானே சொன்னேன், அது பொய்யில்லை என்று மனசு வாதாடுகிறது. உன்னிடம் அந்த வாதம் எடுபடாது.

உன் அம்மாவுக்கு எழுத்துத் தெரியாதது அந்த நிமிடம் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைத்தான் இப்போது சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.