கடைசி இடத்தில் சுழியம்

6 ஜனவரி 2025, திங்கள்

உலர்த்தும் கூடத்துப் புரோகிராம் நேற்றும் செத்துக் கிடந்தது. போன ஞாயிறும் இதே கதை. மிளகின் சூட்டைப் பார்த்து ஹீட்டரை ஏற்றி இறக்க விவசாயிகள் சங்கத்துக்கு நான் எழுதிக் கொடுத்தது, தானாகச் சாகாது. யாரோ நிறுத்துகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் வேலை பார்ப்பவள் பாவாயி மட்டும்தான். கேட்கத் தைரியம் இல்லை. என்னவென்று கேட்பது?

8 ஜனவரி

பிழை தேடச் சொந்தமாகச் சிறிய டீபக்கர் ஒன்று எழுதினேன், நாற்பது வரி. புரோகிராமோடு ஒட்டிக்கொண்டு, அதற்கு வரும் ஒவ்வொரு சிக்னலையும் நேரத்தோடு குறித்துவைக்கும். ஒட்டியதும் புரோகிராம் நின்றது, ஓடவிட்டேன், ஓடியது. மூன்று முறை சோதித்தேன். பாவாயியிடம் சொல்லவில்லை.

12 ஜனவரி, ஞாயிறு

சாகவில்லை! காவல் வைத்தது பாவாயிக்குத் தெரிந்துவிட்டது போலும். டீபக்கரின் குறிப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

17 ஜனவரி

நான்கு தட்டு மிளகு தீய்ந்துவிட்டது. ரோட்டிலேயே நாற்றம்.

“செவப்புப் பொத்தானை அமுக்குனனுங்க சார்,” என்றாள் பாவாயி. “மூணே முக்கா பஸ்ஸு வளைவுல ஆரன் அடிக்குது, அமுக்கறேன். ஒண்ணும் ஆகுல. மறுக்காவும் ரெண்டு அமுக்கு அமுக்குனேன், பொகை வரவுந்தான் ஹீட்டரு மெயினை எறக்குனேன்.”

மிளகு காய்ந்ததும் அமுக்க வேண்டிய அந்தப் பொத்தான் புரோகிராமுக்குச் சிக்னல் அனுப்பும். ஹீட்டர் அணையும், விசிறி மட்டும் ஓடும், நேரம் பதிவாகும். புரோகிராமின் பதிவில் ஒன்றுமே இல்லை.

“அமுக்குச்சா, இல்லீங்களா?” என்றார் சங்கத் தலைவர் சின்னமுத்து.

“பதிவில் இல்லை” என்றேன்.

“பொத்தானு உங்ககிட்டப் பேசுலீன்னா நானென்னங்க சார் பண்ணுவேன்?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

18 ஜனவரி

பாவாயியை இனி வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். “நீங்க சொன்னாச் செரியாத்தானுங்க இருக்கும்” என்கிறார் சின்னமுத்து போனில். நான் என்ன சொன்னேன்? பதிவில் இல்லை என்றேன். அவ்வளவுதானே சொன்னேன்?

19 ஜனவரி

பொய் சொல்பவள் எதற்கு பஸ்ஸைச் சாட்சிக்கு இழுக்கிறாள்?

20 ஜனவரி

டீபக்கரின் குறிப்பைத் திறந்தேன். பதினேழாம் தேதி: 3.44, சிக்னல் 10. 3.45, சிக்னல் 10. மறுபடி 3.45, சிக்னல் 10. பொத்தானின் எண். மூன்று தடவை.

அடப்பாவி, நான்தானா?

டீபக்கர் ஒட்டியிருக்கும்போது சிக்னல் வந்தால் புரோகிராம் நின்றுவிடும்; சிக்னல் டீபக்கரின் கையில் இருக்கும். திரும்ப ஓடவிடும் கட்டளையின் கடைசி இடத்தில் அதே எண்ணை எழுதிக் கொடுத்தால்தான் சிக்னல் உள்ளே போகும். சுழியம் கொடுத்தால், எதுவுமே வராதது போல ஓடும். நான் எல்லா நிறுத்தத்துக்கும் சுழியம் எழுதியிருக்கிறேன். ஒட்டும்போது வரும் முதல் நிறுத்தம் டீபக்கரே உண்டாக்குவது; அதற்குச் சுழியம்தான் சரி. நான் சோதித்தது அதை மட்டும்தான் — மூன்று முறையும்.

ஞாயிறு 12, ஞாயிறு 19: சிக்னல் 15. புரோகிராமை முடித்துக்கொள்ளச் சொல்வது. அதையும் விழுங்கியிருக்கிறேன். அனுப்பியது யார்? ஞாயிறுதோறும் புரோகிராமை நிறுத்தித் திரும்பத் தொடங்கும்படி டிசம்பர் கடைசியில் நானே வைத்த ஏற்பாடு. நிறுத்தும் வரி சரி. தொடங்கும் வரியில் கோப்பின் பெயர் தப்பு. அதனால்தான் ஞாயிறுதோறும் செத்துக் கிடந்தது.

21 ஜனவரி

சங்கத்தில் எழுந்து நின்று சொன்னேன். சின்னமுத்து, “சிக்னலு கிக்னலு எங்களுக்கு வெளங்காதுங்க. அது அமுக்குச்சா?”

“மூன்று தடவை அமுக்கினார். நான்தான் உள்ளே விடவில்லை.”

27 ஜனவரி

பாவாயி இன்று வேலைக்கு வந்தார். டீபக்கரைக் கழற்றிவிட்டேன். புதிதாக ஒரு நோட்டு வாங்கி வந்திருக்கிறார். பொத்தானை அமுக்கி, செல்போனில் நேரம் பார்த்து எழுதி, என் பக்கம் நீட்டினார். 11.20.

என் பதிவிலும் 11.20.

“கண்ணாடியப் போட்டுக்கிட்டு நல்லாப் பாருங்க சார். பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க.”

போட்டேன். ஒவ்வொரு தடவையும் போட வேண்டுமாம்.